செத்த மருந்து

காலை மணி ஏழு பத்து. முதலில் கண்ணில் பட்டது ஆவி. சிவகாசியை அடுத்த விஸ்வநத்தத்தைத் தாண்டி ஒரு பட்டாசு ஆலையில், மருந்து கலக்கும் அறையின் மூலையில், சுவரோடு சாய்த்து வைத்திருந்த சணல் சாக்கிலிருந்து நூல் போல ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. சாக்கின் வாய் கட்டியிருந்தது. அடிப்பாகம் நனைந்து கறுத்திருந்தது. இரவெல்லாம் பெய்த மழை ஆறு மணிக்கு நின்றிருந்தது. வானம் மூடியே கிடந்தது. வெயில் இன்னும் வரவில்லை. குளிர்ந்த காலையில், வெயில் படாத மூலையில், ஒரு சாக்கு ஏன் ஆவி விட வேண்டும்? அந்த அறை வாசலில் நின்ற இரண்டு பேருக்கும் அதற்கான பதில் தெரியும். ஒருவர் போர்மேன் அண்ணாச்சி. இன்னொருவன் நான்.

எதைப் பார்த்தாலும் முதலில் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது பத்திரிகை வேலை எனக்குக் கொடுத்த பழக்கம். அறுபதுகளின் தொடக்கம் அது. மதுரையிலிருந்து வந்த ஒரு நாளிதழுக்கு விருதுநகர், சிவகாசி வட்டாரச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. மழையில் சீசன் என்ன ஆகும் என்று எழுதுவதற்காக முதல் பஸ்ஸில் வந்து, சேறு மிதித்து, ஆலைக்குள் நுழைந்திருந்தேன். பட்டாசு ஆலையை எங்கள் பக்கம் பயராபீஸ் என்பார்கள். அந்தப் பயராபீஸில் மருந்து கலக்கும் பொறுப்பு முழுவதும் போர்மேன் அண்ணாச்சியுடையது. ஐம்பது வயதைத் தொட்டவர். அலுமினியப் பவுடர் ஏறி ஏறி அவருடைய விரல் ரேகைகள் வெள்ளிக் கம்பி இழைத்ததுபோல மின்னும். இரும்பு எதுவும் உள்ளே போகக் கூடாது என்று சாவிக்கொத்தை வாசலுக்கு எதிரே இருந்த வேப்பமரக் கிளையில் மாட்டிவிட்டுத்தான் அறைக்குள் கால் வைப்பார். யாராவது தகரப் பெட்டியைத் தரையில் இழுத்தால், “ஏலே, ஒம் பொண்டாட்டி தாலிய நீயே இழுக்கியேலே” என்று கத்துவார். கவனமில்லாத மனிதர் அல்ல. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

அங்கே எல்லாரும் புழங்கிய ஒரு சொல் உண்டு: செத்த மருந்து. தண்ணீர் பட்ட மருந்து செத்த மருந்து. கந்தகம், கரி, வெடியுப்பு மூன்றும் சேர்ந்த கருமருந்தை வைத்துத்தான் அந்த ஊர் தொழிலைக் கற்றது. கருமருந்தில் தண்ணீர் பட்டால் பற்றாது. காய வைத்தால் மறுபடி பிழைத்துக்கொள்ளும். கூட்டிப் பெருக்கிய தூசியைத் தண்ணீர் தெளித்து மூலையில் குவித்தால் பிறகு பயமில்லை. கைகளால் கற்ற பாடம் அது, தப்பும் அல்ல. பிறகு அலுமினியப் பவுடர் வந்தது. புஸ்வாணத்துக்கு அதுவரை இல்லாத வெள்ளை வெளிச்சம் வந்தது. டின் டின்னாக வந்து இறங்கிய பவுடரை எல்லா ஆலைகளும் வாங்கின. மருந்து மாறிவிட்டது. சொல் மாறவில்லை.

சொல்லில் ஏதோ பிசகு இருக்கிறது என்று அந்த ஊரில் முதலில் சந்தேகப்பட்டவர் அண்ணாச்சிதான். இதை நான் ஒருபோதும் அச்சில் எழுதியதில்லை. முந்தின வருஷம், மழைக்காலத்தில், தண்ணீர் தெளித்துக் குவித்து வைத்திருந்த கூட்டுக்குப்பையில் புகை வந்ததை அவர் பார்த்திருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை, பீடித் துண்டு இல்லை, உரசல் இல்லை. மண்ணை அள்ளிப் போட்டு மூடிவிட்டு, ஒருவரிடமும் சொல்லாமல், மறுநாள் சாயங்காலம் சிவகாசியில் தன் தெருவிலேயே குடியிருந்த டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறார்.

டீச்சர் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ரசாயனம் நடத்தியவர். பாளையங்கோட்டைப் பக்கம் சொந்த ஊர், கிறிஸ்தவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முப்பத்தைந்து வயதிருக்கும், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மெலிந்த உருவம், வெள்ளைக் கதர்ச் சேலை, வலது கை சுட்டுவிரலில் அமிலம் பட்ட மஞ்சள் தழும்பு. ஒரு கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்ல மாட்டார். “பார்த்துட்டுச் சொல்லுதேன்” என்பார். பார்த்துவிட்டுத்தான் சொல்வார். அண்ணாச்சியிடமும் அதைத்தான் சொன்னார். பிறகு ஒரு சனிக்கிழமை, பேப்பர்காரர் ஒருவர் கூட இருந்து பார்க்கட்டும் என்று எனக்கு ஆளனுப்பி, பள்ளிக்கூட ஆய்வறைக்கு வரச் சொன்னார்.

அன்று பார்த்தது வரிசையாக நினைவிருக்கிறது. ஒரு கண்ணாடிக் குவளை. அதில் அண்ணாச்சி காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்த மருந்து, மூன்று கரண்டிக்கு மேல் இருக்காது. டீச்சர் அதில் தண்ணீர் விட்டுப் பிசைந்தார். நடுவில் ஒரு வெப்பமானியைச் செருகி, குவளையைச் சுற்றிப் பஞ்சை வைத்துக் கட்டி, மரத்தூள் நிரப்பிய பெட்டிக்குள் இறக்கினார். “பெரிய குவியலுக்கு நடுவுல சூடு வெளியே போக வழியில்லைல்லா, அதுக்குத்தான் இந்தப் போர்வை” என்றார். முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு அலுத்துப்போய் டீ குடிக்கப் போனேன். இரண்டாம் முறை டீ குடிக்கப் போய்த் திரும்பியபோது பாதரசம் ஏறத் தொடங்கியிருந்தது. நாலு மணிக்கு அது கொதிநீரின் சூட்டை நெருங்கியதும் டீச்சர் பெட்டியை வெளியே தூக்கிப்போய், மணலில் குவளையைக் கவிழ்த்து, மருந்தைப் பரப்பிவிட்டார். மூக்கில் ஏறும் ஒரு வாடை வந்தது. அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்றுகொண்டிருந்தவர், கிட்டே வந்து முகர்ந்தார்.

“டீச்சரம்மா, எங்க வீட்டுத் தொட்டில்ல இந்த வாடைதேன் அடிக்கும். பேரன் நனைச்சு வச்சிருப்பான்.”

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “அதே வாடைதான் அண்ணாச்சி. அமோனியான்னு பேரு. இந்த வாடை வந்தா மருந்து சாகலை, முழிச்சிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். கிட்ட நிக்காதீங்க, தொடாதீங்க, எல்லாரையும் கூட்டிக்கிட்டு தூரமா வந்துருங்க. கருமருந்துக்கு நீங்க சொல்லுதது சரி. இதுல அலுமினியம் இருக்கு. இதுக்குத் தண்ணிதான் தீ வைக்கும்.”

“தண்ணி தீ வைக்குமா!” என்று அண்ணாச்சி வியந்தார். அந்த வியப்பில் கேலி இல்லை. வெப்பமானியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, திரும்பத் திரும்பப் பார்த்தார்.

டீச்சர் அத்துடன் நிறுத்தவில்லை. தன் ஒரு குவளை போதாது என்று, சென்னையில் ஒரு பேராசிரியருக்கும் பெங்களூரில் ஒருவருக்கும் வடக்கே ஒரு சோதனைச்சாலைக்கும் எழுதிக் கேட்டார். மூன்று பதில்களும் வந்தன. ஒருவரையொருவர் அறியாத மூன்று பேரும் ஒன்றையே சொல்லியிருந்தார்கள். வெடியுப்பும் அலுமினியமும் கலந்த மருந்து ஈரப்பட்டால் தானே சூடேறும்; குவித்து வைத்தால் தானே பற்றும். ஒரு கடிதத்தில், இது ரசாயனம் படித்தவர்களுக்குள் அபிப்பிராய பேதமே இல்லாத விஷயம் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். “இதைப் பேப்பர்ல போடுங்க. நான் சொன்னா யாரு கேப்பா? அச்சுல வந்தாக் கேப்பாங்க” என்றார் டீச்சர். அச்சின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

எழுதி அனுப்பினேன். ஆசிரியர் மதுரைக்குக் கூப்பிட்டார். பிரதியை மேஜையில் தள்ளிவிட்டு, “பள்ளிக்கூடப் பாடமாய்யா இது? ஞாயித்துக்கெழமை பேப்பரைப் பிரிக்கிறவன் சிரிக்கணும். அதோட இதுல மறுபக்கமே இல்லையே. தொழில்ல இருக்கிறவன் என்ன சொல்றான்?” என்றார். தொழிலில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்று கேட்க அண்ணாச்சியிடம்தான் போனேன். அவர் தயங்கினார். “தம்பி, நாந்தேன் டீச்சரைக் கேட்டேன்னு மட்டும் எழுதிராதீக. ஆபீஸ் சமாச்சாரத்தை வெளிய கொண்டுபோயிட்டான்னு மொதலாளி நெனைப்பாக. டீச்சர் சொல்றது நெசமா இருந்தாலும் இருக்கும். கண்ணால பாத்தமில்ல? வேற என்னத்தச் சொல்ல?” என்றார். அதைப் போட்டால் அவர் வேலை போகும். போடாவிட்டால் கட்டுரைக்கு மறுபக்கம் இல்லை. விருதுநகரில் என் அறையில் உட்கார்ந்து, அவர் சொல்லாத ஒரு வாக்கியத்தை நான் எழுதினேன். விஸ்வநத்தம் பக்கத்தில் இருபத்தைந்து ஆண்டு அனுபவமுள்ள ஒரு போர்மேன் சிரித்தபடி கேட்டதாக: “அப்போ நாளைக்குக் கெணறு பத்திக்கிட்டா எதை ஊத்தி அணைக்க?”

அவரைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழுப் பொய் அல்ல. ஆனால் அந்த வாக்கியத்தை எழுதி முடித்ததும் நான் சத்தமாகச் சிரித்தது நினைவிருக்கிறது. காப்பாற்றுகிறவன் அப்படிச் சிரிக்க மாட்டான். ‘தண்ணீரில் பற்றுமா தீ?’ என்று தலைப்பு வைத்தேன். மூன்று கடிதங்களும் ஒரே வரியில் சுருங்கின. அபிப்பிராய பேதமே இல்லை என்ற வரி இடப் பற்றாக்குறையில் போய்விட்டது. கிணறு கடைசி வரியாக நின்றது. பத்திரிகையில் கடைசி வரி யாருக்குக் கிடைக்கிறதோ அவர்தான் ஜெயித்தவர். இது எனக்குத் தெரிந்திருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிவகாசி பஸ் நிலையத்து டீக்கடையில் கட்டுரையை ஒருவர் வாசிக்க எட்டுப் பேர் கேட்டார்கள். கடைசி வரி வந்ததும் ஒரு பெரியவர் பெஞ்சிலேயே குலுங்கினார். “சொன்னாம் பாரு! அப்படிப் போடு!” என்றார். அடுத்த வாரத்துக்குள் டீச்சருக்குப் பெயர் வந்துவிட்டது: தண்ணித்தீ டீச்சர். வகுப்புக் கரும்பலகையில் யாரோ ஒரு கிணறும் அதன் மேல் தீச்சுவாலையும் வரைந்து வைத்தார்கள். ஆலைகளில் வேலை செய்யும் தாய்மாரைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துக் குவளையைக் காட்ட அவர் ஏற்பாடு செய்திருந்தார். வந்தவர்கள் குழாயடியில் தண்ணீர் குடிக்கும்போது ஒருத்தி, “பாத்துடீ, வாய் பொசுங்கிரப் போகுது” என்றதும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பாதரசம் ஏறும்வரை யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. பள்ளித் தலைமையாசிரியை டீச்சரைக் கூப்பிட்டு, இனி பாடத்தோடு நிறுத்திக்கொள்ளும்படி சொன்னார்.

டீச்சர் என்னிடம் கோபப்படவில்லை. சாலையில் பார்த்தபோது நின்றார். “அண்ணாச்சி அப்படியா சொன்னாங்க?” என்று கேட்டார்.

“ஆமா டீச்சர்.”

“சொல்லியிருக்க மாட்டாங்களே” என்றார் மெதுவாக. பிறகு, “சரி. அச்சுலயே வந்திருச்சே” என்று குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.

அண்ணாச்சியும் கேட்டார். ஆலை வாசலில், குரலைத் தாழ்த்தி: “என்ன தம்பி, நான் அப்படிச் சொன்னேனா?”

“ஒரு தமாசுக்கு அண்ணாச்சி.”

அவர் சற்று யோசித்தார். “மொதலாளி படிச்சிட்டு விழுந்து விழுந்து சிரிச்சாக. வந்த வியாபாரிககிட்ட எல்லாம், இவந்தேன் அந்தப் போர்மேன்னு காட்டுறாக. இனிமே இல்லைன்னு எப்படிச் சொல்ல?” என்றார். கொஞ்சம் பெருமையும் இருந்தது அந்த முகத்தில். எழுத்தில் தன் பேச்சைப் பார்த்திராத மனிதர். அதற்குப் பிறகு அவர் டீச்சர் வீட்டுப் படி ஏறவில்லை. தெருவில் எதிரே வந்தால் டீச்சரே விலகிப் போனார் என்று அண்ணாச்சியின் மனைவி பிற்பாடு சொன்னார். இரண்டு பேரையும் ஒரே இடத்தில் சேர்த்தது ஒரு குவளை மருந்து. பிரித்து வைத்தது என் ஒரு வரி.

அந்த ஊர் விஞ்ஞானத்தை நம்பாத ஊர் என்று வெளியூர்க்காரர்கள் எழுதுவதுண்டு. நான் பார்த்தது அதுவல்ல. எத்தனை பங்கு அலுமினியம் சேர்த்தால் வெளிச்சம் எவ்வளவு உயரும் என்று அதே ரசாயனம் சொன்னபோது, ஒரு பங்கு பிசகாமல் நம்பினார்கள். இரும்பு பட்டால் பொறி வரும் என்றபோது நம்பி, சாவியை மரத்தில் மாட்டினார்கள். நனைந்த மூட்டையைக் குவிக்காதே என்று சொன்னபோது மட்டும், சீசன் நடுவில் சரக்கைக் கொட்டி அழிக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் அது ஒரு டீச்சரின் பேச்சாக ஆயிற்று. வெளிச்சம் தரும்போது அதன் பெயர் ரசாயனம், வேலையை நிறுத்தும்போது அதன் பெயர் தண்ணித்தீ. ஊரைச் சொல்லி நான் ஒதுங்கிக்கொள்ள முடியாது. வாடையை நேரில் முகர்ந்தவன் நான். பாதரசம் ஏறியதைக் கண்ணால் பார்த்தவன். எனக்கு அவநம்பிக்கை இருந்ததே இல்லை. எல்லாரும் சிரிக்கும் பக்கத்தில் இருப்பது சுகமாக இருந்தது, அவ்வளவுதான்.

இனி அந்தக் காலை. மணி ஏழு பத்து. சாக்கில் இருந்தது புஸ்வாணத்துக்குக் கலந்து வைத்த மருந்து. ஓடு விலகி இரவு முழுக்க ஒழுகியிருக்கிறது. வாசலுக்கு வெளியே தாழ்வாரத்தில் இரண்டு பெண்கள் மருந்து அடைக்காத புஸ்வாணக் கூடுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி சாவிக்கொத்தை வேப்பமரத்தில் மாட்டிவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். ஆவியைப் பார்த்தார். மூக்கை ஒரு முறை உறிஞ்சினார். எனக்கும் வந்தது அந்த வாடை, ஆய்வறை வாசலில் வந்த அதே வாடை. அவர் என் முகத்தைப் பார்த்து, பெண்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்:

“தம்பி, டீச்சர் சொன்ன வாடை இதுதானோ?”

சரியான கேள்வி. சரியான ஆளிடம்தான் கேட்டார். அந்த வாடையை அறிந்த மூன்றாவது ஆள் சிவகாசியில் இருந்தார். ‘ஆமாம்’ என்று ஒரு சொல் போதும். அதைச் சொன்னால், அப்படியானால் பேப்பரில் எழுதியதெல்லாம் என்ன என்று அவர் கேட்க மாட்டார். ஆனால் கேட்பார் என்று எனக்குத் தோன்றியது. நான் சிரித்துக்கொண்டே, “கெணறு பத்திக்கிட்டா எதை ஊத்தி அணைக்க, அண்ணாச்சி?” என்றேன்.

அவரும் சிரித்தார். தாமதமாக, எனக்காகச் சிரித்ததுபோல. “அதுஞ்சரிதேன்” என்றார். வெயில் வந்ததும் பரப்பிக் காய வைத்துவிடலாம் என்றார். மழையால் எவ்வளவு சரக்கு கெட்டது, ஆர்டர் எப்போது லோடு ஏறும் என்று இரண்டு கேள்விகள் கேட்டுக் குறித்துக்கொண்டு ஏழு முப்பதுக்குக் கிளம்பினேன். ரோட்டுக்கு வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

எட்டு பதினேழுக்குச் சத்தம் கேட்டது. அப்போது சிவகாசி பஸ் நிலையத்தில் டீ கிளாஸ் கையில் இருந்தது. அந்த ஊரில் சத்தம் கேட்டால் முதலில் யாரும் பேச மாட்டார்கள். எல்லா முகங்களும் புகை எந்தத் திசையில் எழும்புகிறது என்று தேடும். திசை தெரிந்த பிறகுதான் அலறல் வரும். எனக்குத் திசையைத் தேட வேண்டியிருக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அறை இருந்த இடத்தில் அடித்தளம் மட்டும் இருந்தது. இரண்டு பெண்களும் வேப்பமரத்துக்கும் அப்பால் வேலியோரம் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கீறல்கூட இல்லை. ஒருத்தி சொன்னாள்: “நீங்க போயி அரை மணி கழிச்சு அண்ணாச்சி வந்து, ஒழுகுது, எந்திரிச்சு வேலிப்பக்கம் போங்கன்னாக. எங்கன ஒழுகுது, மழைதேன் விட்டிருச்சேன்னு கேட்டேன். சொன்னாக் கேளு தாயி, வாயாடாதன்னு வெரட்டுனாக. பொறவு அவுக மட்டும் உள்ள போயி அந்தச் சாக்கைத் தூக்கப் பாத்தாக.”

மழை விட்ட பிறகு எதுவும் ஒழுகவில்லை என்று அவருக்குத் தெரியும். உண்மைக் காரணத்தை அவரால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. அந்தக் காரணத்தைக் கேலி செய்த போர்மேன் என்று ஊரெல்லாம் பெயர் வாங்கியவர் அவர்தான். கிட்ட நிக்காதீங்க, தொடாதீங்க என்று டீச்சர் சொன்னதில் பாதியை அந்தப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டு, மீதியை மீறித் தான் உள்ளே போனார். அன்று அந்த ஆலையில் இறந்தவர் அவர் ஒருவர் மட்டுமே. சாவிக்கொத்து கிளையில் தொங்கிக்கொண்டிருந்தது.

செய்தியை நான்தான் அனுப்பினேன். பதினான்கு வரி. கடைசி வரி: ‘விபத்துக்கான காரணம் தெரியவில்லை.’

மூன்றாம் நாள் டீச்சர் என் அறைக்கு வந்தார். கையில் ஒரு நீளமான நோட்டு. பாடத்தோடு நிறுத்தச் சொன்ன பிறகும் அவர் நிறுத்தவில்லை. வட்டாரத்தில் எங்கே தீ என்று கேள்விப்பட்டாலும் ஒரு வரி எழுதி வந்திருந்தார். தேதி, இடம், மழை உண்டா, நனைந்து எவ்வளவு நேரம், வாடை உண்டா என்று கட்டங்கள். போதுமான வரிகள் சேர்ந்ததும் அதிகாரிகளுக்கு அனுப்புவது அவர் எண்ணம். வாடைக் கட்டம் பெரும்பாலும் காலியாகவே இருந்தது. வாடையை முகர்ந்தவர்கள் சொல்வதற்கு உயிரோடு இருந்ததில்லை.

“அன்னைக்குக் காலையில நீங்க அங்க போயிருந்தீங்கன்னு சொன்னாங்க. வாடை அடிச்சுதா?”

“கவனிக்கல டீச்சர்.”

என் முகத்தைப் பார்த்தார். சாலையில் குடையோடு நின்றபோது பார்த்த அதே பார்வை. பிறகு பேனாவைத் திறந்து ‘தெரியவில்லை’ என்று எழுதி, ஊதி உலர்த்தி, நோட்டை மூடினார்.

ஆறு வருஷம் கழித்து, அறுபதுகள் முடியும் தறுவாயில், வேறொரு செய்திக்காக அண்ணாச்சியின் தெருவுக்குப் போக நேர்ந்தது. அவர் மனைவி என்னைப் பார்த்துவிட்டு, “பேப்பர்த் தம்பியா? உள்ள வாங்க, காப்பித்தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்று கூப்பிட்டார். தட்ட முடியவில்லை. சுவரில், சாமி படங்களுக்கு நடுவே, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பழுப்பேறிய காகிதம் இருந்தது. அதற்குச் சந்தனப் பொட்டும் கதம்பச் சரமும் போட்டிருந்தது. என் ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரை.

“அவுக போட்டா ஒண்ணும் எடுத்துக்கிடலை தம்பி. இருந்தது இதுதேன். அதான் இதுக்கு மாலை போடுறேன்” என்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் கடைசி வரி மனப்பாடம். அண்ணாச்சி மாதிரியே கழுத்தைச் சாய்த்துச் சொல்லிக்காட்டினார்: “அப்போ நாளைக்குக் கெணறு பத்திக்கிட்டா எதை ஊத்தி அணைக்க?” சொல்லிவிட்டுச் சிரித்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்தார். “எம்புட்டு வெவரமாப் பேசியிருக்காக பாத்தீகளா? வீட்டுல ஒரு நா இப்படிப் பேசுனதில்ல.”

நான் காப்பியைக் குடித்து முடித்தேன். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

அந்த வீட்டிலிருந்து டீச்சர் வீடு பதினோராவது கதவு. இப்போது சிவகாசிப் பக்கம் போனால், ஈர மருந்தைச் சேர்த்து வைக்கக் கூடாது என்று ஆலைச் சுவர்களில் சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கிறது. செத்த மருந்து என்றால் இளைஞர்களுக்குப் புரிவதில்லை. அன்று சுவரில் எதுவும் எழுதியிருக்கவில்லை. அங்கிருந்து நேராக நான் போனபோது டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். காதோரம் நரைத்திருந்தது. உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொன்னேன். கிணறு அண்ணாச்சி சொன்னதல்ல, நான் எழுதியது. அன்று காலை அந்த வாடை அடித்தது. அண்ணாச்சி என்னைக் கேட்டார். நான் கிணற்றைச் சொல்லிச் சிரித்தேன். நாலைந்து வாக்கியங்களில் முடிந்துவிட்டது.

டீச்சர் விடைத்தாள்களை ஒதுக்கி வைத்தார். பிறகு எழுந்து அலமாரியிலிருந்து அந்த நீள நோட்டை எடுத்துவந்தார். பக்கம் புரட்டி, வரியைக் கண்டுபிடித்து, ‘தெரியவில்லை’ என்பதை ஒற்றைக் கோடு போட்டு அடித்தார்.

“மணி எத்தனை?”

“ஏழு பத்து.”

‘உண்டு. காலை 7.10’ என்று எழுதினார். மை உலரட்டும் என்று நோட்டைத் திறந்தபடியே மேஜையில் வைத்தார். அந்த வரிக்குக் கீழே, அதற்குப் பிந்தைய தேதிகளில், இன்னும் நான்கு வரிகள் இருந்தன.